வவுணதீவில் கேட்கப்படாத கேள்வி

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து மேற்கே போனால் வவுணதீவு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. போர்க்காலத்தில் வவுணதீவுச் சோதனைச் சாவடியே அரசின் ஆட்சிக்கும் விடுதலைப் புலிகளின் ஆட்சிக்கும் எல்லையாக இருந்தது. நெல்லும் பாலும் தயிரும் நகருக்கு வரவும், நோயாளி பெரியாஸ்பத்திரிக்குப் போகவும் அந்தச் சாவடியில் இறங்கிப் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் 2018 நவம்பர் 30ஆம் திகதி அதிகாலை, வீதித்தடைக் காவலில் இருந்த இரண்டு பொலிஸ் கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். அவர்களிடமிருந்த துப்பாக்கிகள் பறிக்கப்பட்டிருந்தன. புலிகளின் மாவீரர் நாள் கழிந்து மூன்றாம் நாள் அது. கொழும்பிலோ ஒக்டோபர் 26ஆம் திகதி வெடித்த அரசியல் குழப்பம் இன்னும் ஓயவில்லை. சந்தேகம் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைத் தடயங்கள் சொல்வதற்கு முன்பே நாட்காட்டி சொல்லிவிட்டது. புனர்வாழ்வு பெற்று ஊரில் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்த முன்னாள் விடுதலைப் புலி உறுப்பினர் ஒருவர் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் உள்ளே வைக்கப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்தச் சொல்லை எடுத்து விசாரிக்கக் கடமைப்பட்டவர் யாரும் இருக்கவில்லை.

ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஓடின. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள். அதன்பின் நடந்த கைதுகளின்போதுதான், வவுணதீவில் அந்தக் கான்ஸ்டபிள்களைக் கொன்றவர்கள், இந்தக் குண்டுத் தாக்குதல்களை நடத்திய குழுவின் தலைவர் சஹ்ரான் ஹாசிமின் ஆட்கள் என்பது வெளியே வந்தது. அடைத்து வைக்கப்பட்டிருந்தவர் மே மாதம் விடுவிக்கப்பட்டார். ஒரு மனிதரின் ஐந்து மாதங்கள் போனது ஒரு கொடுமை. அந்த ஐந்து மாதங்களில் கொலையாளிகளைத் தேடும் தேவையே இல்லாமல் போனது அதைவிடப் பெரிய கொடுமை. ஆள் பிடிபட்டுவிட்டான் என்று கோப்பு நிறைந்துவிட்டால் யார் மேற்கொண்டு தேடுவார்கள்? 2019 ஜனவரியில் புத்தளம் வனாத்தவில்லுவில் வெடிபொருள்கள் அகப்பட்டபோது, அதையும் வவுணதீவையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்கும் கை எங்கும் இருக்கவில்லை.

பொலிஸ் சேவையின் மீது குடிமக்கள் மேற்பார்வை வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது பொலிஸாருக்கு எதிரான கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. வவுணதீவு அதற்கு நேர்மாறான பாடத்தைச் சொல்கிறது. “இந்த ஆளை எந்தச் சான்றின் பேரில் பிடித்தீர்கள்? வேறு யாரைத் தேடினீர்கள்?” என்று கேட்கும் சட்ட அதிகாரம் பொலிஸுக்கு வெளியே உள்ள ஒருவருக்கு, இந்த மாவட்டத்திலேயே, அந்த டிசம்பர் மாதத்திலேயே இருந்திருந்தால், கொலையுண்ட இரண்டு பொலிஸாருக்கும் நீதி விரைவாகக் கிடைக்க வழியிருந்திருக்கும். ஏப்ரல் 21 தடுக்கப்பட்டிருக்கும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதைத் தடுக்கக் கிடைத்த மிகத் தெளிவான வாய்ப்புகளுள் ஒன்று இந்த வாவிக்கரையில் கைநழுவியது.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ஒருவர் கைதானால் உடனடியாகவும், எப்படியும் 48 மணித்தியாலத்துக்குள்ளும் ஆணைக்குழுவுக்கு அறிவித்தாக வேண்டும். தடுப்புக் காவல் இடங்களுக்குள் போய்ப் பார்க்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பார்க்கும் பார்வை எது என்று கவனிக்க வேண்டும். அடித்தார்களா, சாப்பாடு கொடுத்தார்களா, உறவினர் பார்க்க விட்டார்களா என்பதே அதன் கண் போகும் இடம். அந்த ஆளை ஏன் பிடித்தார்கள், பிடித்தது சரியான ஆளையா என்ற கேள்வி நடைமுறையில் பெரும்பாலும் அதன் பார்வைக்கு வெளியே நிற்கிறது. நீதவானும் அன்று அதைக் கேட்க முடியாத நிலையில் இருந்தார். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் அமைச்சர் பிறப்பித்த தடுப்புக் கட்டளையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்றே அன்று சட்டம் எழுதப்பட்டிருந்தது. மூன்று மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை ஒருவரை வைத்திருக்க முடிந்தது. 2022இல் அது 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. ஒரு கைதின் நியாயத்தை அது சூடாக இருக்கும்போதே பரிசோதிக்கும் கதவு எல்லாப் பக்கமும் சாத்தப்பட்டிருந்தது.

தேசிய பொலிஸ் ஆணைக்குழு எதற்காக இருக்கிறது என்று கேட்கலாம். 2001இல் 17ஆவது திருத்தம் அதை உருவாக்கியது. 2010இல் 18ஆவது திருத்தம் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகிய அதிகாரங்களைப் பிடுங்கிக்கொண்டு முறைப்பாடு விசாரிக்கும் வேலையை மட்டும் மிச்சம் வைத்தது. 2015இல் 19ஆவது திருத்தம் பிடுங்கியதைத் திருப்பித் தந்தது. 2020இல் 20ஆவது திருத்தம் ஆணையாளர்களை நியமிக்கும் பிடியை ஜனாதிபதியிடம் கொடுத்தது. 2022இல் 21ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீண்டும் கொண்டுவந்தது. இருபது வருடங்களில் இத்தனை முறை பிடுங்கி நட்ட மரம் எங்கே வேர் விடும்? பொதுமக்களின் முறைப்பாட்டைக் கேட்டு விசாரித்துப் பரிகாரம் தர வேண்டும் என்று அரசியலமைப்பே ஆணைக்குழுவுக்குக் கட்டளையிடுகிறது. நடைமுறையில் முறைப்பாடுகள் பல சுற்றிச் சுழன்று அதே பொலிஸ் பிரிவின் மேலதிகாரி ஒருவரின் மேசைக்கே வந்து சேர்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவரின் சக உத்தியோகத்தர் வாக்குமூலம் எடுக்கிறார். முறைப்பாட்டுக்காரர் அவருக்கு முன்னால் உட்கார்ந்து, அவருடைய நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் பொறுப்புக்கூறல் வராமல் இல்லை. வருகிறது, ஆனால் வரும்போது காலம் கடந்துவிடுகிறது. மிரிஹான பொலிஸில் நடந்த சித்திரவதை தொடர்பாக 2011இல் தாக்கலான அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. தேசபந்து தென்னகோன் பொறுப்பாளி என்று கண்டு, அவருக்கு எதிராக ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்குமாறு பணித்தது. பன்னிரண்டு வருடம். அந்தத் தீர்ப்பு வந்தபோது அவர் பதில் பொலிஸ்மா அதிபர். தீர்ப்பு வந்த பிறகு, 2024 பெப்ரவரியில், அவர் பொலிஸ்மா அதிபராகவே நியமிக்கப்பட்டார். 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து அகற்றியது. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நட்டஈடு செலுத்தப் பணித்தவர்களுள் ஒருவரான அரச புலனாய்வுச் சேவையின் அன்றைய பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவை, பொலிஸ் ஆணைக்குழு 2025 ஜூலையில் சேவையிலிருந்து நீக்கியது. தாக்குதல் நடந்து ஆறு வருடத்துக்குப் பிறகு. இவை நடந்ததை நான் குறைத்துப் பேசவில்லை. இந்த நாட்டில் ஒரு பொலிஸ்மா அதிபரைப் பாராளுமன்றம் விசாரித்து அகற்றியது பெரிய விஷயம். ஆனால் இரண்டும் கொழும்பில் நடந்தன, பெரிய தலைகளுக்கு நடந்தன, நீதிமன்றமும் பாராளுமன்றமும் தங்கள் முழுப் பலத்தையும் செலவிட்டதால் நடந்தன. படுவான்கரையில் ஒரு கான்ஸ்டபிள் ஒரு கூலிக்காரரை அறைந்தால் அதற்கு இந்தப் பாதை பயன்படாது.

மட்டக்களப்பு நகரத்தில் 2021 ஜூனில் நடந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் இளைஞர் இரவில் பொலிஸாரால் கொண்டுபோகப்பட்டார், விடிந்தபோது உயிரோடு இல்லை. அடித்தார்கள் என்றது குடும்பம். முதல் பிரேத பரிசோதனையை அவர்கள் ஏற்கவில்லை. நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு புதைத்த உடல் தோண்டி எடுக்கப்பட்டு இரண்டாம் பரிசோதனைக்குப் போனது. பெற்ற தாய்க்குத் தன் பிள்ளையின் உடலை இரண்டு முறை மண்ணுக்குக் கொடுக்க வேண்டி வந்தது. காவலில் ஒரு மரணம் நடந்த அந்தக் காலையிலேயே பொலிஸ் அல்லாத விசாரணையாளர் ஒருவர் வந்து கூண்டைப் பூட்டி முத்திரையிட்டு, தகவல் புத்தகத்தைக் கையில் எடுத்து, முதல் பரிசோதனையிலேயே சுயாதீன மருத்துவரை நிறுத்தியிருந்தால் இரண்டாவது முறைக்குத் தேவையே வந்திராது. சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் குறைந்தது ஏழு வருடச் சிறையைத் தண்டனையாக வைத்திருக்கிறது. கடுமையான சட்டம். ஆனால் முதல் நாளின் சான்று கலைந்துவிட்டால் எந்தக் கடுமையும் நீதிமன்றத்தில் நிற்காது.

வட அயர்லாந்து இந்தக் கட்டத்தைக் கடந்து வந்த இடம். முப்பது வருட மோதலுக்குப் பிறகு, பெரும்பான்மைச் சமூகத்தின் படை என்று சிறுபான்மையினர் நம்பிய ஒரு பொலிஸை என்ன செய்வது என்ற கேள்வி அங்கே எழுந்தது. கிறிஸ் பற்றன் தலைமையிலான ஆணைக்குழு 1999 செப்டெம்பரில் அறிக்கை தந்தது. 2000 நவம்பரில் பொலிஸ் குறைகேள் அதிகாரியின் அலுவலகம் திறந்தது. பொலிஸுக்கு எதிரான எல்லா முறைப்பாடும் நேரே அந்த அலுவலகத்துக்கே போகும், விசாரிப்பவர்கள் அந்தப் பொலிஸின் உத்தியோகத்தர்கள் அல்லர். முதல் குறைகேள் அதிகாரி நூலா ஓலோன். அடுத்த வருடமே அவர் கையில் எடுத்தது 1998 ஓகஸ்டில் ஒமா நகரில் 29 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பின் கோப்பை. முன்கூட்டியே வந்த தகவல்களைப் புலனாய்வுப் பிரிவு சரியாகக் கையாளவில்லை, விசாரணையாளர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்று 2001 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டார். பொலிஸ் தலைமை கொதித்தெழுந்தது. அறிக்கை நின்றது. அந்த அலுவலகமும் நின்றது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நமது மாதங்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தகவல் இருந்தும் அது போக வேண்டிய மேசைக்குப் போகவில்லை என்பதைக் கண்டுபிடிக்க அங்கே மூன்று வருடம் போதுமாக இருந்தது. இங்கே வவுணதீவின் விசாரணை தவறான பாதையில் போனது எப்படி என்பதை முழுவதும் வெளிச்சத்துக்குக் கொண்டுவர இத்தனை வருடம் எடுத்திருக்கக் கூடாது. அத்தோடு அங்கே பத்து வருடம் ஆட்சேர்ப்பில் சிறுபான்மையினரான கத்தோலிக்கருக்குப் பாதி இடம் ஒதுக்கினார்கள். நூற்றுக்கு எட்டு அளவில் இருந்த அவர்கள் பங்கு முப்பதை நெருங்கியது.

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்கக் கூடாது, அவற்றில் நியாயம் உண்டு. கொலையுண்டவர்கள் பொலிஸார்தானே, இரவில் வெட்டவெளியில் இரண்டே பேராக நின்றவர்களுக்கு மேல் இன்னும் ஒரு கண்காணிப்பா என்று ஒரு பொலிஸ் குடும்பம் கேட்டால் அந்தக் கேள்வியின் வலி உண்மையானது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு இந்த அமைப்பு என்ன கொடுத்தது? பிழையான ஆளைப் பிடித்து, பிழையான ஆறுதலைக் கொடுத்தது. கீழ்நிலை உத்தியோகத்தரை மேலதிகாரியின் சட்டவிரோதக் கட்டளையிலிருந்து காப்பாற்றுவதும் மேற்பார்வையே. “அடித்து வாங்கு” என்று சொல்பவரிடம் “நாளைக்கு வெளியிலிருந்து ஆள் வந்து புத்தகம் பார்க்கும், சேர்” என்று ஒரு கான்ஸ்டபிள் சொல்ல முடிய வேண்டும். இன்று அவருக்கு அந்தப் பிடிமானம் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. குடிமக்கள் குழு என்று வைத்தால் அதில் கட்சிக்காரர் வந்து உட்காருவார்கள், எதிரியை உள்ளே தள்ளவும் தன் ஆளை வெளியே எடுக்கவும் அதையே பயன்படுத்துவார்கள் என்பது. கிழக்கில் ஆயுதக் குழுக்கள் அரசியல் கட்சிகளாக மாறி அதிகாரத்தில் அமர்ந்ததைக் கண்டவர்கள் இதை அச்சத்தோடு சொன்னால் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இதற்கு உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. பொலிஸ் நிலையங்கள் தோறும் இருக்கும் சிவில் பாதுகாப்புக் குழுக்களை நிலையப் பொறுப்பதிகாரியே கூட்டுகிறார், அவருக்கு வேண்டியவர்களே அதில் இருக்கிறார்கள். அவை பொலிஸுக்கு ஊரின் செய்தியைக் கொண்டுபோகும் காதுகள். ஊருக்காகப் பொலிஸைப் பார்க்கும் கண்களாக அவற்றை யாரும் அமைக்கவில்லை. தமிழ்நாட்டைப் பாருங்கள். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், பொலிஸ் மீதான முறைப்பாடுகளை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் அதிகார சபைகள் வேண்டும் என்றது. 2013இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம் உள்துறைச் செயலாளரையே தலைவராகவும் பொலிஸ் உயரதிகாரிகளை உறுப்பினராகவும் வைத்தது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது அந்தச் சபை யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. உண்மையைத் துணிந்து சொன்னவர் அதே நிலையத்தின் ஒரு பெண் தலைமைக் காவலர். ஆகவே யார் உட்காருகிறார்கள் என்பதை விட்டுவிட்டு அமைப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பாராளுமன்ற, மாகாண, உள்ளூராட்சி உறுப்பினர்களும், கடந்த ஐந்து வருடத்தில் வேட்பாளராக நின்றவர்களும், முன்னாள் பொலிஸாரும் அதில் இருக்கக் கூடாது. நியமனம் அரசியலமைப்புப் பேரவை வழியாகவே வர வேண்டும்.

தேசிய பாதுகாப்பு என்ற மூன்றாவது வாதத்துக்கு நான் அதிக இடம் கொடுக்கப் போவதில்லை. வவுணதீவில் இரகசியம் முழுமையாகக் காக்கப்பட்டது, பாதுகாப்புத்தான் காக்கப்படவில்லை. காத்தான்குடி மக்களே சஹ்ரானைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். 2017 மார்ச்சில் அங்கே மோதல் நடந்து அவர் தலைமறைவான பிறகும் முறையிட்டார்கள். வாவியின் கிழக்குக் கரையில் முஸ்லிம்கள் கொடுத்த அந்த முறைப்பாடுகளுக்கு என்ன நடந்தது என்று பின்தொடர்ந்து கேட்கும் அதிகாரம் யாரிடமும் இருக்கவில்லை. மேற்குக் கரையில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சொல்லுக்கும் அதே கதிதான். இரண்டு சமூகங்களும் பொலிஸிடம் உண்மையைச் சொன்னதும், அந்த உண்மை கேட்பாரற்றுக் கிடந்ததும் ஒரே மாவட்டத்தில், ஒரே வாவியின் இரு கரைகளில் நடந்தது.

என்ன வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொலிஸ் ஆணைக்குழுவுக்குச் சொந்தமாக, பொலிஸிலிருந்து இரவல் வாங்காத விசாரணையாளர்கள் மாவட்டம் தோறும் வேண்டும். காவல் மரணமோ பயங்கரவாதத் தடைச்சட்டக் கைதோ நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகும் 48 மணித்தியால அறிவித்தல் அவர்களுக்கும் வர வேண்டும். கைதுக்கான சான்றையும், வேறு எவரெவரை விசாரித்தார்கள் என்பதையும் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். அவர்கள் விதந்துரைப்பதை பொலிஸ்மா அதிபர் ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் வெளியிட வேண்டும். ஐந்தாவதாக மொழி. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகமும் பதிவேடுகளும் தமிழில் இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை. ஆனாலும் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, வாசித்து விளங்காதவரிடம் கையெழுத்து வாங்கும் பழக்கம் கிழக்கில் இன்னும் போகவில்லை. தான் என்ன சொன்னதாக எழுதியிருக்கிறது என்று தெரியாத ஒருவர் எந்த மேற்பார்வை அமைப்பிடம் போய் எதைக் காட்டுவார்? தமிழில் எழுதப்பட்ட தன் வாக்குமூலத்தின் பிரதி ஒன்று கையில் கிடைப்பது மற்ற எல்லாச் சீர்திருத்தத்துக்கும் முதற்படி.

1987இன் 13ஆவது திருத்தம் மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவையும் எழுதி வைத்திருக்கிறது. மூன்று பேர்: மாகாணப் பிரதிப் பொலிஸ்மா அதிபர், ஜனாதிபதியுடன் கலந்து அரச சேவை ஆணைக்குழு தெரிவு செய்பவர், முதலமைச்சர் தெரிவு செய்பவர். இத்தனை வருடங்களாகியும் அது ஒரு நாளும் நடைமுறைக்கு வந்ததில்லை. முதலமைச்சரே இன்று இல்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்காகக் காத்திருந்து பொறுப்புக்கூறலை ஒத்திவைக்க முடியாது. நான் மேலே கேட்டவற்றில் பெரும்பகுதிக்கு அரசியலமைப்பைத் தொட வேண்டியதில்லை, சாதாரணச் சட்டமும் பொலிஸ் ஆணைக்குழுவின் விதிகளும் போதும்.

மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் ஐந்து உறுப்பினர்கள். தமிழரசுக் கட்சி, தேசிய மக்கள் சக்தி, முஸ்லிம் காங்கிரஸ் என்று மூன்று கட்சிகளைச் சேர்ந்தவர்கள். மற்ற எந்த விடயத்தில் உடன்படாவிட்டாலும் ஒரு விடயத்தில் ஐந்து பேரும் ஒரே தாளில் கையெழுத்திட்டுச் சபைக்குக் கொண்டுபோக முடியும். 2018 நவம்பர் 30க்கும் 2019 ஏப்ரல் 21க்கும் இடையில் வவுணதீவு விசாரணையில் யார் எதைச் சொன்னார், எந்தச் சான்றை நம்பினார், தடுப்புக் கட்டளைக்கு எந்த அறிக்கை அடிப்படையானது என்பதை முழுவதும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுமாறு கேளுங்கள். கொல்லப்பட்ட இரண்டு கான்ஸ்டபிள்களின் பெற்றோரும், பிழையாக அடைபட்டவரின் பிள்ளைகளும், சீயோனில் பிள்ளைகளை இழந்தவர்களும் அதை வாசிக்கக் காத்திருக்கிறார்கள்.